ஹாக்கியில் பலமான அடி எங்கிருந்து பிறக்கிறது?

வளைகோல் பந்தாட்டம் என்னும் ஹாக்கியைப் பற்றி நம் வீடுகளில் ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கிறது. கையில் பலமுள்ளவர்களுக்கே அது ஏற்ற ஆட்டம், மெலிந்த பெண்பிள்ளைகளுக்கு ஆகாது என்பதே அது. இதனால் ஆசையிருந்தும் எத்தனையோ மாணவிகள் மட்டையைத் தொடாமலே மைதானத்து ஓரத்தில் நின்றுவிடுகிறார்கள். இந்த எண்ணம் சரிதானா? பலமான அடி எப்படிப் பிறக்கிறது என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

ஹாக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை. மட்டை 737 கிராமுக்கு மேற்படக் கூடாது. மட்டையின் இடப்பக்கம் தட்டையாக இருக்கும். அந்தப் பக்கத்தால் மட்டுமே பந்தை ஆட வேண்டும். இனி நாம் வகுப்பில் படித்த இயக்க ஆற்றலை நினைவுகூர்வோம். ஒரு பொருளின் எடை இருமடங்கானால் அதன் ஆற்றலும் இருமடங்கே ஆகும். வேகம் இருமடங்கானாலோ ஆற்றல் நான்கு மடங்காகிறது. ஆகவே கனத்த மட்டையைத் தேடுவதைவிட, நமக்கு ஏற்ற மட்டையை விரைவாகச் சுழற்றக் கற்பதே மேல். தரையில் நிறுத்தினால் இடுப்பளவு வரும் மட்டை நமக்குப் பொருந்தும்.

அந்த வேகம் எங்கிருந்து வருகிறது? முட்டுக்காட்டுக் கழியில் வீச்சு வலை வீசுபவரை உற்றுப் பார்த்தால் விடை கிடைக்கும். அவர் கையால் மட்டும் வலையை எறிவதில்லை. காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, பின் தோளைச் சுழற்றி, கடைசியில்தான் கையை விடுகிறார். நிலத்திலிருந்து எழும் விசை ஒவ்வோர் உறுப்பாக ஏறிப் பெருகி வலையைச் சென்று சேர்கிறது. ஹாக்கி அடியும் இவ்வாறே. இனி அதன் படிகளைப் பார்ப்போம்.

முதலாவது பிடி. இடக்கை மட்டையின் மேல்முனையிலும் வலக்கை அதையொட்டிக் கீழேயும் இருக்க வேண்டும். கைகளுக்கிடையே இடைவெளி கூடாது. இடைவெளி விட்டால் மட்டை சுழலும் வட்டம் சுருங்கி, அடி வெறும் தள்ளலாகிவிடும்.

இரண்டாவது நிலை. இடத்தோள் பந்து போக வேண்டிய திசையை நோக்கட்டும். முழங்கால்களைச் சற்று மடக்கிக் கொள்வோம். பந்து முன்னே வைக்கும் இடக்காலுக்கு நேராக, மட்டை தாராளமாக எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். பந்து இடக்காலுக்கு வெகுவாக முன்னே போனால் அடி பட்டதும் மேலே எழும்பும். பின்னே தங்கினால் மட்டைக்கும் தரைக்கும் நடுவே அகப்பட்டுச் சிறு தொலைவே ஓடும்.

மூன்றாவது வீச்சு. மட்டையைப் பின்னே கொண்டுபோகும்போது உடலின் எடை வலக்காலில் இருக்கும். இடக்காலை எடுத்து வைத்ததும் எடை அதற்கு மாற வேண்டும். முதலில் இடுப்பும், அடுத்துத் தோளும், பிறகு கைகளும், இறுதியில் மணிக்கட்டும் திரும்பும். இந்த வரிசை மாறினால் விசை வழியிலேயே வீணாகும்.

நான்காவது பார்வை. மட்டை பந்தைத் தொடும் வரை கண் பந்தின்மேலேயே இருக்க வேண்டும். கோல் விழுகிறதா என்று முன்கூட்டியே தலையைத் தூக்கினால் தோளும் கூடவே தூக்கிக்கொள்ளும். மட்டை பந்தின் உச்சியை உரசிப் போய்விடும். அடித்த பின்னும் மட்டையைச் சட்டென்று நிறுத்தாமல் பந்து சென்ற திசையில் தாழ்வாகப் போகவிட வேண்டும். வேகத்தைத் திடீரென்று தடுத்தால் அந்த அதிர்ச்சியை மணிக்கட்டும் முதுகும் தாங்க வேண்டியிருக்கும்.

இதைப் பழகப் பெரிய வசதி தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் செங்கற்பட்டுப் பக்கத்து மைதானங்கள் சேறாகிவிடும்போது, அகன்ற தாழ்வாரத்தில் பந்தில்லாமல் வீச்சை மட்டும் மெதுவாகப் பழகலாம். விடுமுறையில் மாமல்லபுரம் சென்றால், அலை வந்து மீளும் ஈர மணலில் ஒருமுறை வீசிவிட்டுக் கால்தடத்தைப் பாருங்கள். இடக்காலின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தால் எடை முன்னே வந்திருக்கிறது. வலக்காலின் தடமே ஆழமாயிருந்தால் கையால் மட்டும் வீசியிருக்கிறோம். மணலைப் போலத் தவற்றை உடனே காட்டும் ஆசான் வேறில்லை. பிறகு மைதானத்தில் நிற்கும் பந்தை அரை வீச்சிலும், அடுத்து முழு வீச்சிலும், கடைசியாக ஓடிவரும் பந்தையும் அடித்துப் பழகலாம். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் அல்லவா?

பலத்தோடு பொறுப்பும் வருகிறது. மட்டை சுழலும் எல்லைக்குள் யாரும் இல்லையென்று பார்த்த பின்பே வீச வேண்டும். முழங்காலின் கீழ்க் காப்பும் பற்காப்பும் அணியாமல் ஆடலாகாது. கோலை நோக்கி அடிக்கும்போதன்றி, ஓங்கியடித்துப் பந்தை வேண்டுமென்றே உயர்த்துவது விதிப்படி குற்றம். பெனால்டி கார்னரில் முதலில் ஓங்கியடிக்கும் பந்து, கோல் கோட்டைக் கடக்கையில் 460 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்தால் கோல் ஆகாது. கோலினுள் இருக்கும் பலகையின் உயரமும் அதுவே. ஆகவே பலமான அடியென்பது தாழ்ந்தும் நேராகவும் செல்லும் அடியேயாகும்.

பெண்கள் ஹாக்கி முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 1980இல், மாஸ்கோவில். அதில் இந்தியப் பெண்கள் நான்காம் இடம் பெற்றனர். அதே மாஸ்கோவில் தங்கம் வென்ற ஆடவர் அணிக்குத் தலைமை தாங்கியவர் நம் தமிழகத்தின் வாசுதேவன் பாஸ்கரன். 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டில் நம் பெண்கள் தங்கம் வென்றனர். 2021இல் டோக்கியோவில் வலிமை மிக்க ஆஸ்திரேலியாவை 1–0 என்று வென்று முதன்முறையாக ஒலிம்பிக் அரையிறுதிக்குச் சென்றனர். அந்த ஒரே கோலைப் பெனால்டி கார்னரில் அடித்தவர் குர்ஜித் கவுர். அவர் கையாண்டது டிராக் ஃபிளிக். அதில் மட்டையை ஓங்குவதே கிடையாது. பந்தை மட்டையோடு சேர்த்து இழுத்து, காலும் இடுப்பும் தோளும் வரிசையாகத் திரும்ப, கோலுக்குள் எறிவதே அந்த முறை. பலம் ஓங்குவதில் இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

எனவே பெற்றோர்களே, “இவள் ஒல்லி, ஹாக்கி வேண்டாம்” என்று சொல்லிவிடாதீர்கள். காலை ஊன்றவும், கண்ணைப் பந்தில் நிறுத்தவும் பருமன் தேவையில்லை; பொறுமையான பழக்கமே தேவை. தோழியரே, அடுத்த முறை மைதானத்து ஓரத்தில் நிற்க நேர்ந்தால் ஒரு மட்டையைக் கேட்டு வாங்குங்கள். இரு கைகளையும் சேர்த்துப் பிடித்து, இடக்காலை முன்னே வையுங்கள். மற்றவற்றைப் பழக்கம் கற்றுத் தரும்.