தேயிலைத் தூசியும் தொழிலாளர் மூச்சும்

நோட்டன் பிரிட்ஜ் என்றதும் பலரது நினைவுக்கு வருவது கெஹெல்கமு ஓயாவை மறித்து நிற்கும் அணையும், அந்நீரினால் 1950ஆம் ஆண்டு முதல் லக்சபானவில் பிறக்கும் மின்சாரமுமே. அவ்வணையைச் சூழ்ந்த மலைச்சரிவுகளிலே, அதனினும் பழைமையான தேயிலைத் தொழில் இடையறாது நடைபெற்று வருகின்றது. வெயிலிலும் மழையிலும் கொழுந்து பறிப்போர் படும் துன்பத்தைப் பலரும் அறிவர். ஆனால், தோட்ட மக்கள் ‘ஸ்டோர்’ என்று வழங்கும் தொழிற்சாலைக்குள் நின்று உழைப்போரைப் பற்றும் ஒரு நோயை அறிந்தோர் சிலரே. தூசியினால் விளையும் ஒவ்வாமையே அந்நோய்.

ஒவ்வாமை என்பது யாது? தீங்கற்ற ஒரு பொருளைப் பகையென்று கருதி, உடல் அதன்மீது போர் தொடுப்பதே ஒவ்வாமை. இந்நிலைக்கு ‘அலர்ஜி’ என்ற பெயரை 1906ஆம் ஆண்டில் சூட்டியவர் வியன்னா நகர மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்க்கே. ஒவ்வாத பொருள் முதன்முதல் உடலிற் புகும்போது அறிகுறி எதுவும் தோன்றுவதில்லை. உடல் அதற்கெதிராக ஒருவகைப் புரதத்தை மெல்ல மெல்ல உண்டாக்கிச் சேமித்து வைக்கின்றது. அதன் பின்னர், அப்பொருளின் அணுவளவு பட்டாலும் மூக்கு ஒழுகும், கண் அரிக்கும், மூச்சுக் குழல் சுருங்கும். “இத்தனை காலம் இதே தூசியில் நின்றேனே, இப்பொழுது மட்டும் ஏன் இழுக்கிறது?” என்று தொழிலாளி கேட்கும் கேள்விக்கு விடை இதுவே. பழக்கம் எல்லோருக்கும் காப்பாவதில்லை. சிலருக்குப் பழக்கமே நோய்க்கு வழி திறந்து விடுகின்றது.

இவ்வுண்மை மிகத் தெளிவாக ஆராயப்பட்ட இடங்களுள் ஒன்று ஆய்வுக்கூடம். அங்கே வெள்ளெலிகளையும் சுண்டெலிகளையும் பேணுவோருக்கு, அவற்றின் சிறுநீரிலுள்ள புரதம் உலர்ந்து காற்றிற் கலப்பதால் ஒவ்வாமை உண்டாகின்றது. பெரும்பாலும் வேலையிற் சேர்ந்த முதற் சில ஆண்டுகளுக்குள்ளேயே அது தலைகாட்டுகின்றது. ஆகவே நல்ல ஆய்வுக்கூடங்கள் கூண்டுகளுக்குத் தனிக் காற்றோட்டம் அமைக்கின்றன. பணியாளரின் மூச்சைக் காலந்தோறும் சோதிக்கின்றன. எலிக்கும் தேயிலைக்கும் தொடர்பு ஏது என எண்ணலாம். பொருள் வேறாயினும், நோய் பிறக்கும் முறையும் அதைத் தடுக்கும் முறையும் ஒன்றே.

கொழுந்து வாட்டப்படும்போதும் உருட்டப்படும்போதும் ஈரம் இருப்பதால் தூசி அதிகம் எழுவதில்லை. அடுப்பில் உலர்ந்து, சல்லடைக்கு வந்த பின்னரே இடர் தொடங்குகின்றது. இளங்கொழுந்தின் அடிப்புறத்தில் பட்டுப்போன்ற நுண்ணிய மயிர்கள் உள. உலர்ந்த இலை சலிக்கப்படும்போது அவை உதிர்ந்து, பஞ்சுப் பிசிர்போலக் காற்றில் மிதக்கின்றன. தூள் தேயிலையும் அவற்றுடன் சேர்ந்து பறக்கின்றது.

இலங்கையில் பணியாற்றிய காஸ்டெல்லானியும் சால்மர்ஸும் தம் வெப்பமண்டல மருத்துவ நூலின் 1919ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே ‘தேயிலைத் தொழிற்சாலை இருமல்’ என்பதைக் குறிப்பிட்டுள்ளனர். பின்னர், இலங்கையின் மார்பு நோய் மருத்துவர் சி. ஜி. ஊரகொட, தேயிலை தயாரிப்போருக்கு இப்பிசிரினால் ஏற்படும் ஆஸ்துமாவை 1970ஆம் ஆண்டிலும், தேயிலைத் தொழிலாளரின் சுவாச நோய்களை 1980ஆம் ஆண்டிலும் மருத்துவ இதழ்களில் விவரித்தார். கறுவாத் தொழிலாளரின் ஆஸ்துமாவையும் அவர் ஆராய்ந்துள்ளார். யப்பானிய ஆய்வாளர் 1994ஆம் ஆண்டில், பச்சைத் தேயிலையிலுள்ள ஓர் இரசாயனப் பொருளே அங்குள்ள தொழிலாளரின் ஆஸ்துமாவுக்கு முதன்மைக் காரணம் என்று எடுத்துக்காட்டினர்.

இந்நோயைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. வேலை நாட்களில் இருமலும் இழுப்பும் மிகுந்து, விடுமுறை நாட்களில் தணிந்து, மீண்டும் வேலைக்குச் சென்றதும் திரும்பினால், தூசியையே ஐயுற வேண்டும். வேலை முடிந்து வீடு திரும்பிய இரவில் இழுப்பு வருவதும் உண்டு. பெரும்பாலும் மூக்கரிப்பும் தும்மலும் முன்னே வரும். மூச்சுத் திணறல் பின்னே வரும். முந்தியதைக் கண்டவுடன் விழித்துக்கொண்டால் பிந்தியதைத் தவிர்த்தல் கூடும். ஊதும் மூச்சின் வேகத்தை அளக்கும் சிறு கருவியால், வேலை நாட்களிலும் விடுமுறையிலும் அளந்து பார்த்து மருத்துவர் இதனை உறுதி செய்வர். எனினும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல் எதுவாயினும் சளிப் பரிசோதனை அவசியம். ஒவ்வாமை என்று எண்ணிக் காசநோயை வளர விடலாகாது.

நோயைத் தடுப்பதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. தேயிலை ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. ஆதலால் மழை மிகுந்த இம்மலைகளில் சலிக்கும் அறையை அடைத்து வைக்கின்றனர். தேயிலைக்கு நன்மையான அடைப்பு தொழிலாளியின் நெஞ்சுக்குத் தீமையாகின்றது. சன்னலைத் திறப்பது இதற்குத் தீர்வாகாது. தூசி எழும் சல்லடையின் வாயிலேயே அதை உறிஞ்சி வெளியேற்றும் குழாய் அமைப்பதே தீர்வு. தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் உறிஞ்சு கருவியால் துப்புரவு செய்தல் வேண்டும். முகக்கவசம் கடைசிக் காவலே. அதுவும் முகத்தோடு பொருந்தி, நுண்தூசியைத் தடுப்பதாக இருத்தல் வேண்டும். முகத்தில் சுற்றிய துணி போதாது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் தூசியினின்று தொழிலாளரைக் காப்பது பற்றிப் பேசுகின்றது.

நோய் கண்டவருக்கு மருந்து உண்டு. உள்மூச்சாக எடுக்கும் மருந்துகளுள் ஒன்று இழுப்பை உடனே தணிப்பது; மற்றொன்று மூச்சுக் குழலின் அழற்சியைக் குறைத்து, இழுப்பு வராமற் காப்பது. முந்தியதை மட்டும் நம்பிப் பிந்தியதைக் கைவிடுதல் தவறு. பேசி முடிக்க மூச்சுப் போதாமற் போனாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, விடியும்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். புகைபிடித்தலும், லயத்து அறையில் தேங்கும் விறகுப் புகையும் நோயை மிகுவிக்கும்.

ஆயினும், தூசியை விட்டு விலகாதவருக்கு மருந்து மட்டும் முழுப் பயன் தராது. தொடக்கத்திலேயே விலகியவர் பலர் நலமடைகின்றனர். ஆண்டுக்கணக்கில் அதே இடத்தில் நின்றவருக்கு, வேலையை விட்ட பின்னும் நோய் நிலைத்துவிடக் கூடும். இவ்வாறிருந்தும் தொழிலாளி இருமலை ஏன் மறைக்கின்றார்? வேலை போய்விடும், சம்பளம் குறைந்துவிடும் என்னும் அச்சத்தினாலேயே. ஆகவே, மூச்சு முட்டுகிறதென்று சொல்பவரைச் சம்பளக் குறைவின்றித் தூசியில்லாத வேறு வேலைக்கு மாற்றும் ஏற்பாடு, தோட்ட நிர்வாகமும் தொழிற்சங்கமும் கூடிச் செய்ய வேண்டிய முதல் மருத்துவமாகும். சொன்னால் நட்டமில்லை என்ற நம்பிக்கை பிறந்தாலன்றி, எந்தப் பரிசோதனையும் நோயை உரிய காலத்திற் காணாது.