ஒரு கிலோமீட்டர்தானே மச்சி!

காலேஜ் கேட்டிலிருந்து கேன்டீனுக்கு ரெண்டு தடவை போய்வந்தால் ஒரு கிலோமீட்டர் ஆகிவிடும். அந்த தூரத்துக்குப் போய் டார்ச், தண்ணீர் பாட்டில் என்று யாராவது மூட்டை கட்டுவார்களா? நாங்களும் இதே டயலாக்கைச் சொல்லிக்கொண்டுதான் கிளம்பினோம், பாஸ்!

இடம், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருக்கும் செடோனா. ஃபிளாக்ஸ்டாஃபில் எம்.எஸ். படிக்கும் நண்பனைப் பார்க்கப் போனபோது, "ஒரு மணி நேரத்துல போயிடலாம் வா"ன்னு காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு போனான். பாலைவனத்துக்கு நடுவே செக்கச்செவேல்னு தனித்தனியாக நிற்கும் மணற்பாறைக் குன்றுகள். இப்படி நாலு பக்கமும் செங்குத்தாக நிற்கும் குன்றை அங்கே 'பியூட்' என்பார்கள். செடோனாவில் அதுக்கு சூப்பர் ஸ்டார், கதீட்ரல் ராக்.

அதன் கோபுரங்களுக்கு நடுவே குதிரைச் சேணம் மாதிரி ஒரு பள்ளம் இருக்கும். பாதை அதுவரைக்கும்தான். தூரம் சுமார் ஒரு கிலோமீட்டர். ஆனால், அதுக்குள்ளேயே கிட்டத்தட்ட 200 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். அதாவது, லிஃப்ட் வேலை செய்யாத அறுபது மாடிக் கட்டடம்!

வழி தப்பாது. கம்பிக் கூடைகளில் சிவப்புக் கல்லை நிரப்பி அங்கங்கே வைத்திருக்கிறார்கள். ஒரு கூடையிலிருந்து அடுத்த கூடையைத் தேடிக்கொண்டே போகலாம். பாறையும் நம்ம கட்சி. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் மணலாகக் கிடந்தது இறுகி உருவான பாறை, அதனால் சொரசொரன்னு உப்புத்தாள் மாதிரி ஷூவைப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சிவப்பு வேறொன்றுமில்லை, இரும்புத் துரு! ஆனால், மேலே உதிர்ந்து கிடக்கும் பொடி மணல்தான் வில்லன். காலை வைத்தால் சர்ருன்னு வழுக்கும். மழை நேரத்தில் அந்தப் பக்கமே போகாதீங்க. ஈரமான மணற்பாறை வலுவிழந்து, பிடித்த இடம் பெயர்ந்து கையோடு வந்துவிடும்.

கொஞ்ச நேரத்திலேயே ஒரு வெடிப்பு வரும். பாறையில் நீளமாக விழுந்த பிளவு. நடையெல்லாம் செல்லாது, கையையும் காலையும் போட்டுத் தொற்றித்தான் ஏறணும். அதுவும் ஏறுகிறவர், இறங்குகிறவர் எல்லாருக்கும் அதே ஒரே வழி! எங்களுக்கு அன்னிக்கு அது ஜாலியாக இருந்தது. பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு போய், சூரியன் மறைவதற்குள் உச்சியைப் பிடித்துவிட்டோம். கீழே ஓக் க்ரீக் ஓடை பச்சைக் கோடாகத் தெரிய, பாறையெல்லாம் தணல் மாதிரி ஜொலித்தது. அரை மணி நேரம் போட்டோ எடுத்துத் தள்ளினோம்.

அப்புறம் இருட்டியது.

திரும்பி அதே வெடிப்புக்கு வந்து குனிந்து பார்த்தால், கால் வைக்க இடமே தெரியவில்லை. ஏறும்போது கண்ணுக்கு நேரே இருந்த பிடியெல்லாம் இப்போது வயிற்றுக்குக் கீழே ஒளிந்துகொண்டிருந்தது. மொபைலில் டார்ச் போட்டேன். அதைப் பிடிக்க ஒரு கை போய்விட்டது. மிச்சம் ஒரே கை! வாயில் கவ்விப் பார்த்தேன், சிரிக்காதீங்க. பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். எனக்கோ தொடை டைப் அடிக்குது.

கீழேயிருந்து ஒரு வெளிச்சம். நெற்றியில் விளக்கு மாட்டிய ஒரு பாட்டி, அறுபது வயசைத் தாண்டியவர், எனக்கு முன்னால் இறங்கியவர்தான். "முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பு. போனைப் பாக்கெட்ல போடு. ரெண்டு கை, ஒரு கால் உறுதியாக இருந்தால் மட்டும் இன்னொரு காலை நகர்த்து" என்றார். இங்கிலீஷில்தான், பயத்தில் எனக்குத் தமிழ் மாதிரியே கேட்டது. அவர் வெளிச்சம் அடிக்க, ஒவ்வொரு காலாகத் தடவித் தடவி வந்தேன். ஏற ரெண்டு நிமிஷம் ஆன இடத்தை இறங்க இருபது நிமிஷம்!

நீங்க போறதா இருந்தால் விடிகாலையைப் பிடிங்க. கோடையில் பத்து மணிக்கே பாறை தோசைக்கல். ஜூலை, ஆகஸ்ட் மத்தியானங்களில் இடி மின்னல் வேறு இறங்கும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது வேணும். நெற்றி விளக்கு கட்டாயம். வெடிப்பின் அடியில் நின்று, 'இதில் இறங்க முடியுமா?' என்று முதலில் பாருங்க. சந்தேகமா? அங்கேயே உட்கார்ந்துவிடுங்க, அந்த இடத்திலிருந்தும் வியூ சும்மா அள்ளும்.

கார் கதவைத் திறக்கும்போது என் மொபைலில் சார்ஜ் நாலு பர்சென்ட். எடுத்த சன்செட் போட்டோ அத்தனையிலும் யாரோ ஒருத்தரின் முதுகு.