நோட்டுப் புத்தகத்தில் சுயராஜ்யம்

மாலை வேளையில் கோவை நகரத்துப் பல வீடுகளில் ஒரு விசித்திரக் காட்சியைக் காணலாம். ஏழாம் வகுப்பில் வாசிக்கும் மைந்தன் கைப்பேசியில் ஆழ்ந்திருக்கிறான். தந்தையார் அவனுடைய கணக்கைப் போடுகிறார். தாயார் அவனுடைய தேசப்படத்துக்கு வர்ணம் தீட்டுகிறார். மறுநாள் உபாத்தியாயர் அதன் கீழ் ‘நன்று’ என்று எழுதிக் கையொப்பமிடுகிறார். அந்தப் பாராட்டு யாரைச் சேர்ந்தது? பெற்றோரின் அன்பை நாம் குறை கூறவில்லை. அவ்வன்பு பிள்ளையின் கையிலிருந்து எழுதுகோலைப் பறித்துக்கொள்வதையே கண்டிக்கிறோம்.

இந்தியருக்கு ஆளும் திறமை இல்லை என்று அந்நிய ஆட்சியாளர் அந்நாளில் சொல்லி வந்தனர். பிழை செய்தாலும் எங்கள் காரியத்தை நாங்களே பார்த்துக்கொள்வோம் என்பதே தேசபக்தர்களின் விடை. 1947-இல் தேசம் பெற்ற அவ்வுரிமையைப் பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு மறுப்பது என்ன நியாயம்?

காந்தியடிகள் ராஜ்கோட்டில் உயர்தரப் பாடசாலையின் முதல் வருஷத்தில் வாசித்தபோது, ஜைல்ஸ் என்னும் கல்வி அதிகாரி வந்து ஐந்து ஆங்கிலச் சொற்களை எழுதச் சொன்னார். ‘கெட்டில்’ என்ற சொல்லைச் சிறுவர் மோகன்தாஸ் பிழையாக எழுதினார். அடுத்த பையனின் சிலேட்டைப் பார்த்து எழுதும்படி உபாத்தியாயர் பூட்ஸ் முனையால் இடித்துக் குறிப்புக் காட்டினார். அவரோ பார்த்து எழுதவில்லை. மற்றையோர் யாவரும் சரியாக எழுதியிருக்க, அவர் ஒருவரே பிழை செய்தவராக நின்றார்.

அவ்வண்ணலே 1934-இல் நமது ஜில்லாவைச் சேர்ந்த பெரியநாயக்கன்பாளையத்தில் ஸ்ரீ ராமகிருஷ்ண மிஷன் வித்தியாலயத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1930-இல் அதைத் தொடங்கிய ஸ்ரீ தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் சட்டம் பயின்றவர். விடுதலைப் போரில் சிறை சென்றவர். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி மந்திரியாக இருந்தவர். மாணாக்கர் தம் வேலையைத் தாமே செய்துகொள்ளும் குருகுல முறையில் அவர் அக்கழகத்தை வளர்த்தார். தன் துணியைத் தானே துவைத்துப் பழகிய சிறுவனுக்குத் தன் கணக்கைப் பிறர் போடுவது வெட்கமாகவே தோன்றும்.

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு முடிய எவரையும் தேறவில்லையென்று நிறுத்துவதில்லை. அது நன்றே. ஆயினும் பிறர் எழுதிய வீட்டுப்பாடத்தோடு ஏறி வந்தவன், பத்தாம் வகுப்புப் பொதுப் பரீட்சையில் தனியே அமர்கிறான். அங்கே தந்தையார் உள்ளே வர இயலாது.

ஆகவே பெற்றோருக்கு நாம் கூறுவது இது. “ஏங்கண்ணு, நாளைக்கு என்ன பாடம்?” என்று கேளுங்கள். வேலையையும் நேரத்தையும் அவனே குறித்துக்கொள்ளட்டும். புரியாததை விளக்குங்கள், விடையை எழுதித் தராதீர்கள். எழுத மறந்தால் உபாத்தியாயரிடம் அவனே உண்மையைச் சொல்லட்டும். உபாத்தியாயர்களும், பிறர் செய்த அழகான வேலையைவிட, பிள்ளை தானே செய்த பிழையுள்ள வேலையை மெச்ச வேண்டும்.

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளிலும் சோமனூர் விசைத்தறிகளிலும் உழைத்து இரவில் வீடு திரும்பும் பெற்றோருக்கு இவ்வுபதேசம் போதாது. அவர்தம் மக்கள் பலர் வீட்டுப் பொறுப்பையே சுமக்கின்றனர். அவர்களுக்கு வேண்டுவது அமைதியாக உட்கார ஓரிடமும், ஐயம் கேட்க ஒருவரும். தேச சேவையில் நாட்டமுள்ள அன்பர்கள் தம் ஊர் வாசகசாலையில் தினம் ஒரு மணி நேரம் அமரட்டும். கணக்கைப் போட்டுத் தர வேண்டா. பிள்ளை தானே போட்டு முடிக்கும் வரை பொறுமையோடு பக்கத்தில் இருந்தால் போதும்.