ஏரியின் தெளிவும் இனங்களின் வேறுபாடும்

ஹாலந்து நாட்டின் லைடன் நகரை அரபு கற்றோர் நன்கறிவர். ஹதீஸ்களைத் தேடிக் கண்டறிய நாம் புரட்டும் ‘அல்முஃஜமுல் முஃபஹ்ரஸ்’ என்னும் சொல்லடைவு அச்சேறியது அந்நகரில்தான். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் அரபு கற்பித்தல் நானூறாண்டுப் பழமையுடையது. அதே பல்கலைக்கழகத்தின் உயிரியலாளர்கள் 1970களின் பிற்பகுதி முதல் ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில், தான்சானியாவைச் சார்ந்த முவான்சா வளைகுடாவில், மீன்களை ஆராய்ந்து வந்தனர். அங்கிருந்து முனைவர் பட்ட ஆய்வேடுகள் பல எழுந்தன. அவற்றுள் ஒன்று கண்ட உண்மையை ஈண்டு விளக்க முனைகிறோம்.

தான்சானியா, உகாண்டா, கென்யா ஆகிய மூன்று நாடுகளுக்கும் பொதுவான இவ்வேரி ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் இது வறண்டு போயிருந்ததை அடிமண் படிவுகள் காட்டுகின்றன. மீண்டும் நீர் நிறைந்தபின் சிக்லிட் என்னும் குடும்பத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 500 மீனினங்கள் இதில் பெருகின. பாறையின் பாசியைச் சுரண்டித் தின்பவை, நத்தையின் ஓட்டை நொறுக்குபவை, பிற மீன்களின் குஞ்சுகளை விழுங்குபவை என ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழில் உண்டு.

இவற்றுள் நெருங்கிய உறவுடைய இரண்டு இனங்களை ஓலே சேஹவுசன் என்பவர் லைடனில் தம் முனைவர் பட்டத்திற்காக ஆராய்ந்தார். ஒன்றின் ஆண்மீன் சிவப்பு. மற்றொன்றின் ஆண்மீன் நீலம். இரண்டும் கலந்தால் பிறக்கும் குஞ்சுகளும் இனம் பெருக்க வல்லவை. அவ்வாறாயின் அவை ஏன் ஒன்றாகிவிடவில்லை? பெண்மீன் நிறத்தை நோக்கித் தன் இனத்து ஆணையே தேர்ந்தெடுக்கிறது என்பதே விடை. ஆய்வுக்கூடத் தொட்டியில் வெண்ணிற ஒளியில் இத்தேர்வு சரியாக நிகழ்ந்தது. சிவப்பும் நீலமும் பிரித்தறிய இயலாத ஒளியில் அது தடுமாறியது. ஏரியிலும் தெளிந்த நீர்ப்பகுதிகளில் இரண்டும் தனித்தனியே வாழ, கலங்கிய பகுதிகளில் இடைப்பட்ட நிறத்தன மிகுந்திருந்தன. இம்முடிவுகளை அவரும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டனர்.

இவ்வேரிக்கு நேர்ந்த மற்றொரு தீங்கை உலகம் அறியும். 1950களில் இதில் விடப்பட்ட நைல் பெர்ச் என்னும் பெருமீன் 1980களில் பல்கிப் பெருகியது. ஏறத்தாழ 200 சிக்லிட் இனங்கள் காணாமற் போயின. அது வெளிப்படையான அழிவு. கலங்கலால் வரும் அழிவோ ஓசையற்றது. காடழிந்த நிலத்திலிருந்து மண் வருகிறது. வயலின் உரமும் ஊரின் கழிவும் சேர்கின்றன. பாசி பெருகி ஒளி மங்குகிறது. செத்த மீன் ஒன்றும் மிதப்பதில்லை. ஆயினும் இரண்டாய் இருந்த இனம் ஒன்றாகிறது. பின்னர் நீர் தெளிந்தாலும் கலந்தவை பழையபடி பிரியும் என்பதற்கு உறுதியில்லை.

தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். நீரின் மாற்றத்தை நிறம், சுவை, வாடை என்னும் மூன்றால் அறியும் முறையை நம் ஃபுகஹாக்கள் வகுத்தனர். எனினும் மண்ணாலும் பாசியாலும் தன்னிடத்திலேயே நிறம் மாறிய நீர் தூய்மைப்படுத்தும் தகுதியை இழப்பதில்லை என்பதும் அவர்கள் உரைத்த சட்டமே. அச்சட்டம் நம் வுளூவிற்கானது. மீனின் வாழ்வுக்கான அளவுகோல் அன்று. நாம் கூசாமல் வுளூ செய்யும் நீரே ஓர் உயிரினத்தின் தனித்தன்மையைக் கரைத்துவிடக்கூடும். இதை அறிய ஃபிக்ஹு நூல் மட்டும் போதாது. ஏரியில் இறங்கி ஒளியை அளப்போரின் கல்வியும் வேண்டும்.

‘பரிணாமம்’ என்ற சொல்லைக் கேட்டதும் நூலை மூடிவிடும் வழக்கம் நம் மாணவரிடையே உண்டு. மனிதப் படைப்பைப் பற்றிய அகீதா ஒரு பொருள். ஓர் ஏரியில் மீனினங்கள் பிரிவதும் கலப்பதும் கண்டு அளக்கத்தக்க வேறொரு பொருள். இரண்டையும் குழப்பிக்கொண்டு இக்கல்வியை ஒதுக்கினால், பூமியில் கலீஃபாவாக நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தில் எது குறைகிறது என்பதையே அறியாதவராவோம். அறியாத ஒன்றை எவ்வாறு காப்பது? இவ்வினாவை நம் மாணவர்முன் வைப்பது ஆசிரியராகிய நம் கடமை எனக் கருதுகிறோம்.