நாற்பதுக்கு மேல் ஓடத் தொடங்கினோம்

இல்ல மெய்வல்லுநர் போட்டியின் முடிவில் ஆசிரியர்களுக்கென ஓர் ஓட்டம் வைப்பது எம் பகுதிக் கல்லூரிகளில் நெடுநாளைய வழக்கம். நூறு மீற்றர் தூரந்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் மாணவரின் வற்புறுத்தலுக்கு இணங்கி, வேட்டியை மாற்றிக் காற்சட்டை அணிந்து, நாமும் அவ்வரிசையில் நின்றோம். வெடியொலி கேட்டதும் இருபது வயது இளைஞனைப்போலப் பாய்ந்தோம். அறுபதாவது மீற்றரில் நெஞ்சு அடைத்தது, கண் இருண்டது. கோட்டுக்கு அப்பால் நின்ற வேப்பமரத்தைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டோம். மாணவர் சிரித்திருந்தால் ஓரளவு ஆறுதலாக இருந்திருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை. சிறுவன் ஒருவன் ஓடிவந்து கதிரை ஒன்றை எம் பின்னால் வைத்தான்.

அடுத்த கிழமை இரத்தம் சோதித்தபோது, நீரிழிவின் வாயிற்படியில் நாம் நிற்பது தெரியவந்தது. எம் தந்தையார் அந்நோயினால் ஒரு காலை இழந்து, ஐம்பத்தாறாவது வயதில் மறைந்தவர். எமக்கு அப்போது நாற்பத்து நான்கு. இதயத்தையும் சோதித்துப் பார்த்த மருத்துவர் மாத்திரை எழுதவில்லை. “நல்லா நடவுங்கோ சேர். பழகினாப் பிறகு மெல்ல ஓடுங்கோ. ஆறு மாதத்தாலை திரும்பப் பாப்பம்” என்றார். அவர் சொன்ன ‘மெல்ல’ என்ற சொல்தான் எம் காதில் ஏறவில்லை.

மறுநாட் காலையே ஒழுங்கை முனைவரை மூச்சிரைக்க ஓடினோம். நான்காம் நாள் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி கண்டது. இரண்டு கிழமை படுத்தெழும்பி, மீண்டும் ஓடினோம், மீண்டும் வலி. இவ்வாறு மூன்று முறை. எமது இல்லாளும், “இஞ்சாருங்கோ, உங்களுக்கு இது சரிவராது” என்று முடிவு கட்டிவிட்டார். கடைசியில் கல்லூரி உடற்பயிற்சி ஆசிரியர் எம்மை ஒருநாள் மைதானத்தில் பார்த்துவிட்டு, “சேர், நீங்கள் ஓடேல்லை, நாய் துரத்தினவன் மாதிரிப் போறியள்” என்றார். எம் நோயை அறிந்து சொன்ன முதல் மனிதர் அவரே.

வளர்ந்தவர் ஓடத் தொடங்கித் தோற்பதற்குக் காலின் வலிமைக் குறைவு பெரும்பாலும் காரணமன்று. ஓட்டமென்றால் வேகம் என்று பள்ளிப் பருவத்திலே மனத்திற் பதிந்துவிட்ட எண்ணமே காரணம். இவ்வெண்ணத்தை உடைத்தவர்களுள் ஒருவர் நியூசிலாந்தின் ஆதர் லிடியாட். சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்த அவர் பயிற்றுவித்த பீற்றர் ஸ்னெல், மறி ஹால்பேர்க் இருவரும் 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் தங்கம் வென்றனர். அதே லிடியாட் 1960களின் தொடக்கத்தில், ஒக்லாந்து நகரில் நடுத்தர வயதினரையும் இதய நோய் கண்டு மீண்டோரையும் ஒன்றுசேர்த்து மெல்லோட்டம் பழக்கினார். 1962ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே சென்ற அமெரிக்கப் பயிற்சியாளர் பில் போவர்மன், அக்குழுவினருடன் ஓடிப் பார்த்தார். அவர் ஐம்பதைக் கடந்தவர். ஓட்ட வீரரை உருவாக்குவதில் பெயர்பெற்றவர். ஆயினும் அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. மாரடைப்புக் கண்டு மீண்ட, எழுபது வயதைத் தாண்டிய முதியவர் ஒருவர் இரங்கி, அவருக்குத் துணையாகப் பின்தங்கி ஓடினாராம்! நாடு திரும்பிய போவர்மன் தம் ஊராருக்கு இதனைப் பழக்கினார். பின்னர் வால்டோ ஹரிஸ் என்னும் இதய மருத்துவருடன் சேர்ந்து 1967இல் மெல்லோட்டம் பற்றி நூலொன்றும் வெளியிட்டார்.

நாம் பின்பற்றிய முறை இன்னும் பிற்பட்டது. ஜோஷ் கிளார்க் என்னும் அமெரிக்க இளைஞர், ஐம்பது வயதைக் கடந்த தம் தாயாரை ஓடவைக்க எண்ணி 1996இல் வகுத்த திட்டம் அது. ஒன்பது வாரம், வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அரைமணி நேரம். முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் விரைவாக நடந்தபின், 60 விநாடி ஓட்டமும் 90 விநாடி நடையுமாக மாறிமாறி 20 நிமிடம். இரண்டாம் வாரத்தில் 90 விநாடி ஓட்டம், 2 நிமிட நடை. இவ்வாறு நடை குறைந்து ஓட்டம் வளர்ந்து, ஒன்பதாம் வாரத்தில் அரைமணி நேரம் நில்லாமல் ஓடுவதில் முடியும். ஐந்தாம் வாரத்தின் மூன்றாம் நாளுக்கு 20 நிமிடத் தொடர் ஓட்டம் என்று குறித்திருப்பதைக் கண்டு யாம் நடுங்கியது உண்மை. நான்காம் வாரத்தையே மூன்று முறை செய்தோம். ஒன்பது வாரத் திட்டம் எமக்குப் பதினாறு வாரமாயிற்று. அதனால் ஒரு குடியும் முழுகிவிடவில்லை.

வேகத்தை அளக்கக் கருவி வேண்டியதில்லை; வாய் போதும். ஓடும்போது ஒரு வாக்கியத்தைத் தடையின்றிப் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் மிகுதி. ஒழுங்கையில் தனியே பேசிக்கொண்டு ஓடினால் ஊரார் வேறுவிதமாக எண்ணக்கூடும் ஆதலால், நாம் பதினாறாம் வாய்பாட்டை முணுமுணுத்தோம். ஓரடி சொல்லி முடிக்குமுன் மூச்சு முட்டினால் ஓட்டத்தைத் தளர்த்துவோம். தொடக்கத்தில் எம் ஓட்டம் எமது இல்லாளின் நடையிலும் மெதுவாக இருந்தது.

ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடச் சொல்வதிலும் பொருள் உண்டு. இதயமும் தசைகளும் சில வாரங்களிலேயே புதிய வேலைக்குப் பழகிவிடும். எலும்பும், தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களும் அவ்வளவு விரைவில் வலுப்பெறுவதில்லை. அவற்றுக்கு மாதங்கள் வேண்டும். ‘இனி என்னால் முடியும்’ என்று மூச்சு சொல்லும் வேளையில், ‘பொறு’ என்று எலும்பு சொல்லும். எம் முன்னெலும்பு சொன்னது அதைத்தான். ஓய்வு நாளை வீண் நாள் என்று கருதி நாமே வலியை வருவித்துக்கொண்டோம்.

சப்பாத்தைப்பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. தேய்ந்ததாக இருத்தல் ஆகாது. விரல் நுனிக்கு முன்னே ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். எம் நாட்டு வெயிலுக்கு விடியற்பொழுதே ஏற்றது. சீனி வருத்தமோ அழுத்தமோ உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் காண வேண்டும். இன்சுலின் ஏற்றுவோர் சட்டைப் பையில் இனிப்பு வைத்திராமல் புறப்படக் கூடாது. ஓடும்போது நெஞ்சு நொந்தால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். இதில் வீரம் காட்ட இடமில்லை.

வெட்கமே பெரிய தடை. பால் கொண்டுசெல்பவர் துவிச்சக்கரவண்டியில் எம்மைத் தாண்டும்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பார். பழைய மாணவர்கள் படலையில் நின்று வணக்கம் சொல்வர். அந்நாட்களில் எமக்குத் துணையாக வந்தவர் ரணதுங்க கருணானந்த. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் அன்றைய இலங்கைக்காகப் பதினாயிரம் மீற்றர் ஓடியவர். இருபத்தைந்து சுற்று ஓட்டம் அது. மற்றவர் யாவரும் ஓடி முடித்த பின்னும், எஞ்சிய சுற்றுகளை அவர் தன்னந்தனியே ஓடினார். முதலில் நகைத்தோரும் இறுதியில் எழுந்து கைதட்டினர். ஜப்பானியப் பள்ளிப் பாடநூலிலும் அவர் கதை இடம்பெற்றது. எம் பாடநூல்களில் அதனை நாம் கண்டதில்லை என்பதை ஓர் ஆசிரியராகச் சற்று வருத்தத்துடனேயே எழுதுகின்றோம். வயதைக் காரணங் காட்டுவோர்க்கு இன்னொரு செய்தி: முல்லைத்தீவைச் சேர்ந்த எழுபத்திரண்டு வயதுத் தாய் ஒருவர் 2023இல் பிலிப்பைன்ஸ் சென்று, முதியோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கப் பதக்கங்களுடன் திரும்பினார்.

ஆறு மாதங் கழித்துச் சோதித்தபோது இரத்தச் சீனி இறங்கியிருந்தது. இயங்கும் தசை இன்சுலினை எதிர்பாராமலேயே இரத்தத்தில் உள்ள சீனியை உள்ளிழுக்க வல்லது என்று மருத்துவர் விளக்கினார். மூன்று பிடி சோற்றைக் குறைத்ததற்கும் அதில் பங்குண்டு என்பது இல்லாளின் கட்சி, மறுப்பதற்கில்லை.

இவ்வாண்டு ஆசிரியர் ஓட்டத்துக்கு நாம் பெயர் கொடுக்கவில்லை. மாணவரின் மரதனுக்குச் சென்றோம். (42 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரமே மரதன், நாம் ஐந்து கிலோமீற்றரையும் அப்படியே அழைக்கிறோம்.) வெடியொலி கேட்டதும் பிள்ளைகள் பறந்தனர். இரண்டாம் கிலோமீற்றருக்குள் முதலுதவிப் படை மாணவரின் வண்டிகளுக்கு முன்னே எஞ்சியவர்கள் இருவர்: நாமும், ஒன்பதாம் வகுப்பிற் படிக்கும் பருத்த உடல்வாகுள்ள பையன் ஒருவனும். அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“சேர், நீங்கள் போங்கோ.”

“நடப்பம். அந்தத் தந்திக் கம்பம் வரைக்கும் நடந்திட்டு, அடுத்த கம்பம் மட்டும் ஓடுவம்.”

நடந்தோம், ஓடினோம். பதினாறாம் வாய்பாடு தெரியுமா என்று கேட்டோம். தெரியாது என்றான். கல்லூரி வாயில் கண்ணுக்குத் தெரிவதற்குள் எட்டடி சொல்லிக் கொடுத்துவிட்டோம்.