கார் பாலிஷ், வேக்ஸ் வீட்டிலேயே பண்ணலாமா? பெயிண்டும் ஒரு அசல்தாங்க!



நம்ம சேனல்ல கார் லோன், கார் இன்சூரன்ஸ் பத்தியெல்லாம் பேசியாச்சு. இன்னைக்கு அந்தக் காரோட மேல்தோலைப் பத்திப் பேசலாம். "பணத்தைப் பத்திப் பேசுற இடத்துல கார் துடைக்கிற கதை எதுக்கு?"ன்னு நினைக்காதீங்க. நம்மள மாதிரி குடும்பத்துல வீடு, நகைக்கு அடுத்து பெரிய தொகை போட்டு வாங்குறது கார்தான். அது ஷோரூமை விட்டு வெளிய வந்த நாள்ல இருந்தே விலை இறங்குற பொருள். அதை நிறுத்த முடியாது. ஆனா தேவையில்லாம வேகமா இறங்காம பார்த்துக்கலாம்.

இந்தப் பதிவுல ஒரே ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கிட்டா போதும்: பாலிஷ் அசலைச் செலவழிக்கும், வேக்ஸ் அசலைக் காப்பாத்தும்.

அது எப்படி?

கம்பெனியில் இருந்து வரும் காரில் பெயிண்ட் மொத்தமும் சேர்ந்து சுமார் 100 முதல் 150 மைக்ரான் தடிமன்தான். ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அடியில் பிரைமர், அதுக்கு மேல கலர், எல்லாத்துக்கும் மேல நிறமே இல்லாத கிளியர் கோட். இந்தக் கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான் இருக்கும். நம்ம தலைமுடியை விட மெல்லிசு! பளபளப்பு தர்றதும், வெயிலில் கலர் வெளுக்காம பார்த்துக்கிறதும் இதுதான்.

பாலிஷில் ரொம்ப நுண்ணிய உரசுற பொடி கலந்திருக்கு. கீறலை அது நிரப்புறது இல்லை. கீறலைச் சுத்தியிருக்கிற பெயிண்டைத் தேய்ச்சு, கீறலோட ஆழத்துக்கு இறக்கி விடுது. அதனாலதான் கீறல் மறையுது. அதாவது ஒவ்வொரு தடவையும் கிளியர் கோட்டில் கொஞ்சம் போயிடுது. கையால் தேய்ச்சா குறைவு, மெஷின் போட்டு ரப்பிங் பண்ணினா அதிகம். போனது திரும்ப வராது. ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைச்சு தீபாவளி கொண்டாடுற மாதிரி. ஒரு தடவை பரவாயில்லை, வருஷா வருஷம் உடைச்சா என்ன மிஞ்சும்?

வேக்ஸ் அப்படி இல்லை. பெயிண்டுக்கு மேல ஒரு மெல்லிய படலமா உட்காரும், எதையும் தேய்க்காது. கார்னுபா வேக்ஸ் பிரேசில் நாட்டுப் பனை வகை மரத்தோட இலையில் இருந்து எடுக்கிற மெழுகு. 80 டிகிரி செல்சியஸுக்கு மேலதான் உருகும். வெயில், தூசி, பறவை எச்சம் எல்லாம் முதல்ல அந்தப் படலத்தைத் தாண்டணும். இன்சூரன்ஸ் பிரீமியம் மாதிரி, தேய்ஞ்சதும் மறுபடி கட்டணும்.

நம்ம ஊர் நிலவரம்

கன்னிவாடி மலையடிவாரத்துல இருந்து திண்டுக்கல் வரைக்கும் ஒரு தடவை போயிட்டு வந்தாலே வண்டி மேல செம்மண் படிஞ்சிடும். மண்ணில் இருக்கிற மணல் துகள் பெயிண்டை விட கடினம். காய்ஞ்ச துணியை எடுத்து அப்படியே துடைச்சா, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச மாதிரிதான். காரில் வர்ற வட்ட வட்டமான மெல்லிய கீறல் பெரும்பாலும் நம்ம கையால் வந்தது.

அடுத்தது போர் தண்ணி. உப்புத் தண்ணியில் கழுவி வெயிலில் காய விட்டா வெள்ளைப் புள்ளி நிக்கும். ஆயுத பூஜைக்கு வெச்ச சந்தனம், குங்குமத்தையும் காய்ஞ்ச பிறகு சுரண்டாதீங்க. ஈரத்துணியைப் பத்து நிமிஷம் மேல போட்டு ஊற வெச்சு எடுங்க. பளபளக்கும்னு டீசல், மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கிறதையும் விட்டுடுங்க. அந்த எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் தூசியைத்தான் இழுக்கும்.

வீட்டில் செய்யும் முறை

1. காலையில், நிழலில், பானெட் தொட்டா சுடாம இருக்கும்போது ஆரம்பிங்க. முதல்ல வெறும் தண்ணி ஊத்தி மண்ணை இறக்குங்க. ரெண்டு பக்கெட் வேணும்: ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் துணி அலச நல்ல தண்ணி. மேல இருந்து கீழ வாங்க. பாத்திரம் கழுவுற சோப்பு வேண்டாம், அது பழைய வேக்ஸையும் எடுத்துடும். கழுவினதும் ஈரம் காயறதுக்குள்ள மைக்ரோஃபைபர் துணியால் ஒத்தி எடுங்க.

2. கீறல் மேல நகத்தை மெதுவா ஓட்டிப் பாருங்க. நகம் மாட்டினா அது ஆழமான கீறல், பாலிஷுக்குப் போகாது. மாட்டலைன்னா பாலிஷ் உதவும்.

3. பாலிஷ் தேவைப்படும் இடத்துக்கு மட்டும். கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர் ஓரங்களில் டேப் ஒட்டிக்கோங்க. பேடில் சின்னதா எடுத்து, ஓர் அடிக்கு ஓர் அடி இடத்தில் முதல்ல சோதிச்சுப் பாருங்க. கதவு ஓரம், பானெட் மடிப்பில் அழுத்தாதீங்க, அங்க பெயிண்ட் இன்னும் மெல்லிசு. துணியில் காரோட கலர் வந்தா கவனிங்க. கிளியர் கோட் இல்லாத பழைய வண்டியில் அது சகஜம். இன்றைய காரில் வந்தா உடனே நிறுத்துங்க. மேட் ஃபினிஷ் பெயிண்டுக்கு பாலிஷ், வேக்ஸ் ரெண்டுமே வேண்டாம்.

4. கடைசியா வேக்ஸ். மெல்லிசா தடவுங்க, அதிகம் போட்டா துடைக்கிறதுதான் கஷ்டம். லேசா மங்கலா காய்ஞ்சதும் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்க. சுத்தமா வந்தா, வேற துணியால் துடைச்சு எடுங்க. கண்ணாடியில் போடாதீங்க.

மழையில் தண்ணி முத்து முத்தா உருண்டா வேக்ஸ் இருக்குன்னு அர்த்தம். பரவி நின்னா அடுத்த தடவைக்கு நேரம் வந்தாச்சு. சித்திரை வெயிலுக்கு முன்னாடி ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒரு தடவை கட்டாயம். வெளியில் நிக்கிற வண்டின்னா மூணு மாசத்துக்கு ஒரு தடவை போடுங்க.

இப்போ கணக்கு

இது கணக்கு புரியறதுக்கான தோராய விலை. உங்க ஊர் ரேட்டைப் போட்டுக்கோங்க. ஷாம்பு ரூ.300, மைக்ரோஃபைபர் துணி நாலு ரூ.400, பாலிஷ் ரூ.400, வேக்ஸ் ரூ.600, பேட் ரூ.100, பக்கெட் ரூ.200. மொத்தம் ரூ.2,000. ரெண்டு வருஷத்தில் எட்டு தடவை வேக்ஸ் போட்டா, ஒரு தடவைக்கு ரூ.250.

கடையில் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ரூ.1,500-ன்னு வெச்சாலும் ரெண்டு வருஷத்துக்கு ரூ.6,000. மிச்சம் ரூ.4,000 தானேன்னு நினைக்கலாம். ஆனா "ரப்பிங், பாலிஷ், வேக்ஸ்" சேர்த்த பேக்கேஜ்னா ஒவ்வொரு தடவையும் கிளியர் கோட் குறையுது. கடைக்குப் போனாலும் "ரப்பிங் வேண்டாம், வேக்ஸ் மட்டும் போடுங்க"ன்னு வாயைத் திறந்து கேளுங்க.

ஆழமான கீறலுக்கு கிளெய்ம் போடலாமா?

பெரிய பணம் போறது இங்கதான். ஓன் டேமேஜ் பிரீமியத்துக்கு நோ கிளெய்ம் போனஸ் முதல் வருஷம் 20%, அப்புறம் 25, 35, 45, அஞ்சு வருஷத்தில் 50% வரைக்கும் ஏறும். ஒரு கிளெய்ம் போட்டா அடுத்த ரெனியூவலில் பூஜ்யம்.

இப்போ 35%-ல இருக்கீங்க, போனஸ் கழிக்கிறதுக்கு முன்னாடி ஓன் டேமேஜ் பிரீமியம் ரூ.8,000, வருஷா வருஷம் அதே தொகைன்னு வெச்சுக்குவோம். கிளெய்ம் போடாம இருந்தா 45, 50, 50, 50, 50. போட்டா 0, 20, 25, 35, 45. அஞ்சு வருஷ வித்தியாசம் மொத்தம் 120%, அதாவது ரூ.9,600.

கதவு ஒன்றுக்கு பெயிண்ட் செலவு ரூ.5,000 ஆனா, 1500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயக் கழிவு ரூ.1,000 போக கைக்கு வர்றது அதிகபட்சம் ரூ.4,000. நாலாயிரம் வாங்க ஒன்பதாயிரத்து அறுநூறை விடுறோம்! பாலிசியில் போனஸைப் பாதுகாக்கும் ஆட்-ஆன் இருந்தா கணக்கு மாறும், பாலிசியை எடுத்துப் பாருங்க.

இன்னொண்ணு, சின்னக் கீறலுக்காக முழுக் கதவையும் பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி யோசிங்க. பழைய கார் வாங்குறவங்க இப்போ பெயிண்ட் தடிமன் பார்க்கிற மீட்டரோட வர்றாங்க. மறுபடி அடிச்ச இடத்தில் எண் கூடுதலா காட்டும். "வண்டி இடிச்சுதா?"ன்னு கேட்டு விலையைக் குறைப்பாங்க. துருப்பிடிக்காம இருக்க டச்-அப் பெயிண்டை ஒரு பொட்டு வெச்சா போதும்.

இந்த ஞாயித்துக்கிழமை வண்டியை நிழலில் நிறுத்தி, அந்த நகச் சோதனையை மட்டும் செஞ்சு பாருங்க. பாலிஷ் தேவையே இல்லைன்னு தெரிஞ்சா சந்தோஷமா விட்டுட்டு வேக்ஸை எடுங்க.