மண்டபமே வழி சொல்லட்டும்

நம் சங்க மண்டபத்துக்கு வர்ணம் பூசித் தரையையும் மாற்றுவது என்று பொதுக்குழுவில் முடிவாகியிருக்கிறது. நல்ல செய்தி. செலவு செய்யுமுன், அங்கே வந்து போகும் பெரியவர்களை, அதிலும் டிமென்ஷியா என்னும் மறதி நோய் உள்ளவர்களை, மனத்தில் கொள்ள வேண்டும் என்பது என் விண்ணப்பம். முப்பத்தைந்து ஆண்டுகள் ரயில்வேயில் நடைமேடைகளும் கட்டடங்களும் கட்டியவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

இது எங்கோ யாருக்கோ வரும் நோய் அல்ல. நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. நம் உறுப்பினர்களிலும் ஒருவர் இருக்கிறார். கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சென்ற பொங்கல் விழாவில் கழிவறை தேடிப் போனவர், ஒரே நிறத்தில் வரிசையாக இருந்த நான்கு கதவுகளின் முன் திகைத்து நின்றார். சமையலறையைத் திறந்தார், சாமான் அறையைத் திறந்தார். பார்த்தவர்கள் சிலர் சிரித்துவிட்டார்கள். அதன் பிறகு வீட்டார் அவரை எந்த விழாவுக்கும் அழைத்து வருவதில்லை.

அவர் வழி தவறியதற்கு நோய் பாதிக் காரணம். மீதிப் பாதி கட்டடத்தின் குறை.

ரயில் நிலையப் பெயர்ப்பலகையைப் பாருங்கள். மஞ்சளில் கறுப்பு எழுத்து, நடைமேடையின் இரு கோடியிலும். ஊருக்குப் புதியவர் யாரையும் கேட்காமல் ஓடும் வண்டியிலிருந்தே படிக்கலாம். மறதி நோய் உள்ளவருக்குப் பழகிய இடமும் புது ஊர்தான். ஆகவே கழிவறைக் கதவுக்கு மட்டும் தனி நிறம் அடித்து, படமும் எழுத்துமாக ஒரு பலகையைக் கதவின் மேலேயே, கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே பொருத்த வேண்டும். சாமான் அறைக் கதவைச் சுவரின் நிறத்திலேயே விட்டுவிட்டால் கண்ணை இழுக்காது.

அடுத்தது தரை. பளபளக்கும் கிரானைட் அழகுதான். ஆனால் இவர்கள் கண்ணுக்கு அது தண்ணீர் தேங்கியதுபோல் தெரியும். வாசலில் கறுப்பு மிதியடி போட்டால் பள்ளமென்று தயங்கி நிற்பார்கள். மங்கலான, ஒரே நிறத் தரை போதும். படிக்குப் பக்கத்தில், 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்ற கணக்கில் சரிவுப் பாதையும் கைப்பிடியும் வேண்டும். கழிவறையில் வெள்ளை டைல்ஸ் நடுவே வெள்ளைக் கோப்பை இருந்தால் புலப்படாது. இருக்கை அடர்ந்த நிறத்தில் இருக்கட்டும். நடைவழியிலுள்ள பெரிய கண்ணாடியை எடுத்துவிடலாம். தன் உருவத்தையே அயலார் என்று எண்ணி அஞ்சுபவர்கள் உண்டு.

ஒலிபெருக்கி இரைச்சலிலும் இவர்கள் தவித்துப் போவார்கள். பாத்திரம் அடுக்கியிருக்கும் சிறு அறையை ஒழித்து, கைவைத்த நாற்காலிகள் நாலு போட்டால், விழாவின் நடுவே சற்று அமைதியாக உட்கார்ந்திருக்க இடமாகும்.

நெதர்லாந்தில் வீஸ்ப் என்ற ஊரில் 2009-இல் இந்நோயாளிகளுக்கென்றே ஹோகவெய்க் என்னும் குடியிருப்பைத் திறந்தார்கள். வீட்டுக்கு ஆறேழு பேர். தெரு, கடை, உணவகம் எல்லாம் உள்ளேயே. அடைத்து வைக்காமல் நடமாட விட வேண்டும் என்பதே அங்குள்ள கொள்கை. அத்தனை பணம் நம்மிடம் இல்லை. ஆனால் நம்மிடம் வேறொன்று இருக்கிறது.

நோய் முற்றும்போது, பின்னால் கற்ற மொழி முதலில் நழுவுவதுண்டு. நாற்பது வருடம் சரளமாக இந்தி பேசியவரும் தாய்மொழிக்கே திரும்பிவிடலாம். வீதியில், வங்கியில், மருத்துவமனையில் அவருக்குத் தமிழ்ப் பலகை கிடைக்காது. “மாமா, காப்பி சாப்பிடறேளா?” என்று கேட்பாரும் அரிது. இந்த ஊரில் அது கிடைக்கக்கூடிய பொது இடம் நம் மண்டபம் ஒன்றுதான். அங்கேயும் அவர் வர முடியாதென்றால் எங்கே போவார்?

செயற்குழு அன்பர்களே, எப்படியும் பெயிண்ட் வாங்கத்தான் போகிறோம். நிறத்தை யோசித்து வாங்குவோம். பலகைகளின் அளவும் வரைபடமும் நான் தருகிறேன், மேற்பார்வையும் செய்கிறேன். கூலி வேண்டாம், காப்பி போதும். வாசக அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த விழாவில் பெரியவர் யாரேனும் கதவருகே தயங்கி நின்றால், தமிழில் பெயர் சொல்லி அழைத்துக் கூடவே நாலு அடி நடந்து செல்லுங்கள். அதற்குப் பொதுக்குழுவின் ஒப்புதல் தேவையில்லை.